கையில் கொடுக்காத கத்தி

எங்கள் வீட்டு டீப்பாய் மேல் ஒரு மாம்பழப் பெட்டி இருந்தது. நீல நிற நைலான் கயிறு அதைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, நடுவில் ஒரே முடிச்சாக இறுகியிருந்தது. தேவதானப்பட்டியிலிருந்து எங்கள் மகள் பவித்ராவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டி. மாப்பிள்ளையின் அப்பா அந்த முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க தோட்டத்துப் பழம். வைக்கோல் போட்டு வீட்டுலயே பழுக்க வச்சது. இங்கனயே ஆளுக்கு ஒண்ணு சாப்பிட்டுப் பாக்கணும்" என்றபடி நகத்தால் கிளறினார். பைக் சாவியை விட்டு நெம்பினார். வாசம் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வந்து வீடு முழுக்க நிறைந்துவிட்டது. கடைசியில் மனிதர் குனிந்து பல்லை வைத்தார்.

அந்தக் கயிற்றை அறுக்க வேண்டிய பொருள் என் சட்டைப் பையில் இருந்தது. அது எனக்குத் தெரியும். என் மனைவி ராஜிக்கு அப்போதுதான் தெரிந்தது. காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றவள், என் பையின் புடைப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே ஓர் உத்தரவு போட்டாள். வெளியே எடுத்தால் நான் தொலைந்தேன் என்று அதற்கு அர்த்தம்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கத்தியால் அந்தச் சம்பந்தமே கைநழுவிப் போகப் பார்த்தது. பவித்ராவோ, அதற்கு முன் வந்த வரன்களுக்கெல்லாம் தோளைக் குலுக்கியவள், இந்த ஒரு இடத்துக்கு மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது அமைஞ்சா எனக்குச் சந்தோசம்ப்பா" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா பல்லைக் கயிற்றில் வைத்தபடி இருக்கட்டும். கத்தி என் பைக்கு வந்த கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

பிச்சாத்தியும் சிவப்புக் கத்தியும்

திராட்சைக்காரனுக்குக் கத்தரி போதாதா என்று கேட்பீர்கள். அனுமந்தன்பட்டியில் எனக்குக் கொஞ்சம் பன்னீர்த் திராட்சை இருப்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். குலை வெட்டக் கத்தரி சரிதான். ஆனால் ஒரு நாளில் வெட்ட வேண்டியது குலை மட்டுமா? கொடியைப் பந்தலில் கட்டுகிற சணல், உர மூட்டையின் வாய்த் தையல், சொட்டுநீர்க் குழாயில் அணில் கடித்த துண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நீட்டுகிற கொய்யா. கத்தரியைச் சட்டைப் பையில் போட்டால் பை கிழியும். இடுப்பில் செருகினால் ஆள் கிழிந்துபோவான்.

அதனால் எனக்கு வேண்டியது மடக்குகிற சின்னக் கத்தி. சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

முதலாவது, கூடலூரில் ஒரு விசேஷத்துக்குப் போனவன் அப்படியே ஜீப்பில் மேலே ஏறி குமுளியில் வாங்கியது. "நல்ல பிச்சாத்தியாணு சேட்டா" என்றார் கடைக்காரர். அந்தப் பக்கம் பிச்சாத்தி என்றால் வெறும் கத்திதான். என் காதில் சண்டியர்கள் இடுப்பில் செருகுகிற பிச்சுவா என்று விழுந்து, ஒரு எட்டுப் பின்னால் வைத்துவிட்டேன். மான்கொம்பு மாதிரி தோற்றமளித்த பிளாஸ்டிக் பிடி, மீன் மாதிரி அலகு. பார்க்க அழகு. ஊர் வந்து சேர்ந்து ஒரு செங்காய்க் கொய்யாவில் வைத்து அழுத்தினேன். கொய்யா அப்படியே இருந்தது, கத்தி வளைந்துவிட்டது.

இரண்டாவது, மதுரையில் வாங்கியது. சிவப்பு நிறம். அதற்குள் கரண்டி, ரம்பம், திருப்புளி, பல்குத்தும் குச்சி, பாட்டில் தக்கை பிடுங்கும் சுருள் கம்பி எல்லாம் இருந்தன. கத்தியைத் தேடி நகத்தை வைத்தால் கரண்டி வரும். கரண்டியை மடக்கினால் சுருள் கம்பி வரும். என் வீட்டில் தக்கை போட்ட பாட்டில் கிடையாது. கனமோ கனம். சட்டையின் இடது பக்கம் இறங்கி, தோள் சரிந்தவன் போல நடந்துகொண்டிருந்தேன். மோட்டாரைப் பார்க்கக் கிணற்றில் எட்டிக் குனிந்தபோது அது பையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போனது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

டீக்கடையில் ஒரு சடக்

மூன்றாவது கத்திதான் வம்பை விலைக்கு வாங்கியது.

போனில் படம் பார்த்து ஆர்டர் போட்டேன். படத்தில் உள்ளங்கையளவு தெரிந்தது. யாருடைய உள்ளங்கை என்று அவர்கள் சொல்லவில்லை. பார்சல்காரத் தம்பி போன் செய்து "எங்கன இருக்கீக?" என்று கேட்டபோது நான் பாண்டி டீக்கடையில் இருந்தேன். அங்கேயே கொண்டுவந்து கொடுத்தான். நானும் ஆர்வம் தாங்காமல் அங்கேயே பிரித்தேன்.

கறுப்பு நிறம். அலகின் பாதிக்கு மேல் ரம்பப் பற்கள். பிடியில் ஒரு விசில் வேறு. பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது, அதைத் தொட்டேன். சடக்!

எதிர் பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்தவர் வடையோடு எழுந்து நின்றுவிட்டார். பாண்டி பால் சட்டியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஆரு மேல கோவம்?" என்றான்.

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதை மடக்கத் தெரியாமல் திறந்தபடியே துண்டில் சுற்றிக்கொண்டு தெருவழியே வீட்டுக்கு நடந்தேன் பாருங்கள், அப்போது பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. நம் பக்கம் ஒரு ஆள் துண்டுக்குள் கத்தியோடு போனால் ஊர் வேறு மாதிரிதான் பார்க்கும். அன்றோடு அதைப் பரணில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கண்ணாடி மேல் மூன்று

பிறகுதான் புத்தி வந்து தேனி பஜாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். ஆணி, தாழ்ப்பாள், கூடவே கத்தி, கத்தரி விற்கும் கடை. போகும்போதே வெளியில் தள்ளுவண்டியில் ஒரு கொய்யா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பட்டவனுக்குத்தானே தெரியும்.

"சட்டைப் பைக்குள்ள அடங்கணும், அண்ணாச்சி. பாத்தா ஆரும் பயப்படக் கூடாது. தொலைஞ்சா அழுகை வராத விலையா இருக்கணும்."

அண்ணாச்சி மூன்றை எடுத்து வந்தார். வாங்கலாம் என்று கையை நீட்டினேன். அவர் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மூன்றையும் மேசைக் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தார்.

"வச்சிருக்கேன், எடுத்துக்கோங்க. கத்தியக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்பாக. வர்ற ஆளுககிட்டயெல்லாம் சண்டை போட்டா நான் ஏவாரம் பாக்க முடியுமா?"

என் வீட்டிலும் அப்படித்தான். ராஜி கத்தி மட்டுமல்ல, உப்பு, மிளகாய்கூடக் கையில் தரமாட்டாள். சாப்பிடும்போது உப்புக் கேட்டால் தட்டுக்குப் பக்கத்தில் கிண்ணம் வந்து உட்காரும். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. இத்தனை வருடத்தில் கையில் கொடுக்காமலேயே எங்களுக்குள் எவ்வளவோ சண்டை வந்திருக்கிறது.

மூன்றில் ஒன்று பளபளவென்று இருந்தது. பிடி வழுக்கியது. வேர்த்த கைக்கு ஆகாது. இன்னொன்றுக்கு ஆணி ஆடியது, ஆட்டினால் அலகு பக்கவாட்டில் தலையசைத்தது. மூன்றாவதற்குப் பழுப்பு நிற மரப்பிடி, ஒரே ஒரு அலகு, நகம் வைக்க ஒரு சின்னப் பள்ளம். கொய்யாவை எடுத்து வெட்டினேன். சத்தமே இல்லாமல் இறங்கியது. ஒரு துண்டை அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். அதைக் கையில்தான் கொடுத்தேன்.

அந்தக் கத்தியில் குறை இல்லாமல் இல்லை. சாதாரண இரும்பு. திராட்சைச் சாறோ எலுமிச்சைச் சாறோ பட்டுத் துடைக்காமல் விட்டால் கறுத்துப்போகும். திறக்க இரண்டு கையும் வேண்டும், நகமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவே நல்லதுதான். கோபத்தில் இருக்கிறவனால் அதைத் திறக்க முடியாது. நகம் வைக்கிற பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கோபம் போய்விடும்.

சட்டைப் பையில் போட்டேன். இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு லேசு. அன்றைக்கு ஆரம்பித்த தொட்டுப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

"கத்தி இல்லாம வெளிய வரமாட்டாக"

தேவதானப்பட்டிக்காரர்கள் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் தாய்மாமா திராட்சை வியாபாரி மாதிரி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். இது எல்லாரும் செய்வதுதான். நாங்களும் அவர்கள் ஊருக்கு மாம்பழம் வாங்குகிற சாக்கில் ஆள் அனுப்பியிருந்தோம். அவர் நேராகப் பாண்டி கடையில் உட்கார்ந்து ஒரு டீயைச் சொல்லிவிட்டு, என் பேரைச் சொல்லி, "ஆளு எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

பாண்டிக்கு என் மேல் பிரியம். பால் பாக்கெட் வெட்டவும் எலுமிச்சை நறுக்கவும் அன்றாடம் என் கத்தியைத்தான் கேட்பான். அந்த நன்றியில் மனசாரச் சொல்லியிருக்கிறான்:

"அவுகளா? தங்கமான மனுசரு. எப்பவும் தயாரா இருப்பாக. கத்தி இல்லாம வெளிய வரமாட்டாக."

போதாததற்கு, அந்த வடைக்காரர் அன்றும் அங்கேதான் இருந்திருக்கிறார். "கறுப்பா ஒண்ணு வச்சிருக்காக பாருங்க, ரம்பம் கணக்கா பல்லு. சடக்குன்னு தொறக்கும்" என்று அவர் பங்குக்கு எடுத்துக்கொடுத்திருக்கிறார். தாய்மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம்.

மறுநாள் தரகர் சுப்பையா போன் செய்தார். குரலே சரியில்லை.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. நீங்க கத்தி வச்சிருக்கீகளா?"

"வச்சிருக்கேன். கொய்யா வெட்ட."

"அங்கன வேற மாதிரி போயிருக்குண்ணே. பொண்ணுக்கு அப்பா சண்டியர்னு போயிருக்கு. மாப்பிள்ளையோட அம்மா யோசிக்கிறாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற பவித்ராவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அவள் அழவில்லை. கையிலிருந்த துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு டீக்கடைப் பேச்சில் என் பிள்ளையின் ஆசை போய்விடுமோ என்று அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன்.

ராஜிதான் போனைப் பிடுங்கினாள். "பேனாக்கத்தின்னு சொல்லுங்கண்ணே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பென்சில் சீவுமே, அந்தப் பேனாக்கத்தி."

சாயங்காலம் சுப்பையா மறுபடி பேசினார். குரலில் உற்சாகம்.

"எல்லாம் சரி பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வாராக. அது கத்தி இல்லீங்க, பேனான்னு சொல்லிட்டேன். நீங்க எழுதுற ஆளுன்னும் சேத்துச் சொல்லி வச்சிருக்கேன்."

அப்போது நான் ஒரு வரிகூட எழுதியவன் இல்லை. இந்தத் தொடர் சுப்பையா சொன்ன பொய்க்கு நான் கட்டுகிற வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலிப் பை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜி என் கத்தியை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். "அவுக போற வரைக்கும் அத நெனைக்கக்கூடக் கூடாது" என்றாள். நானும் தலையாட்டினேன்.

ஆனால் என் கை கேட்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டைப் பையைத் தொடும். காலி. திடுக்கென்று இருக்கும். பிறகு ஞாபகம் வரும். மறுபடி தொடும். நெஞ்சுவலிக்காரன் மாதிரி மார்பைத் தடவிக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

பட்டுப் புடவையில் தலை நிறையப் பூவோடு வந்த பவித்ரா, என்னை நிறுத்தினாள். கத்தியை, ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்துவிட்டு, அவளே என் பையில் போட்டாள்.

"வேணாம் ஆத்தா. உங்கம்மா கொன்றுவா."

"இது இல்லாம நீங்க தடவிக்கிட்டே இருக்கீக. அத எங்க மாமியா பாத்தா, அப்பனுக்கு நெஞ்சுல கோளாறுன்னு அதுக்கு வேற யோசிப்பாக. பேசாம இருங்கப்பா."

எங்க மாமியா என்றாள். இன்னும் பார்க்கவே வராத மாமியாருக்கு அவள் அதற்குள் உறவு சொல்லிவிட்டாள். அவளுடைய கல்யாணம்தான் இந்தக் கத்தியில் தொங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் அப்பாவின் கை தவிக்கக் கூடாது என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

முடிச்சு

இப்போது மாம்பழப் பெட்டிக்கு வருவோம்.

பல்லும் தோற்றது. மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்தபோது கயிறு அறுத்த விரல் சிவந்திருந்தது. உதட்டோரத்தில் நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் வீட்டுக்குப் பழம் கொண்டுவந்த மனிதர் இப்படிச் சிரமப்பட, நான் சும்மா உட்கார்ந்திருப்பதா? சண்டியர் என்றால் சண்டியர் என்று பையில் கையை விட்டேன்.

கத்தி வெளியே வந்தது. தாய்மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகத்தை வைத்து, இரண்டு கையாலும் மெல்லத் திறந்தேன். வழக்கம்போல ஒரு தடவை வழுக்கியது. மறுபடி திறந்தேன்.

தாய்மாமா எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கத்தியைப் பார்த்தார்.

"இதுதான் அந்தப் பேனாவா?" என்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏலே, இதுக்காடா டீயக்கூடக் குடிக்காம ஓடி வந்த?" என்று மைத்துனரின் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "குடுங்க, நானே அறுக்குறேன்."

அந்தக் கையில் வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. பிடி அவர் பக்கம் இருக்கும்படி கத்தியை டீப்பாய் மேல் வைத்தேன். நம்பிக்கை இல்லாதவன் ஏன் வைத்தேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். அன்றைக்கு எந்தச் சின்னத் தப்புக்கும் இடம் கொடுக்க எனக்கு மனசில்லை. என் பிள்ளைக்கு அந்த வீடு பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

அவர் எடுத்தார். ஒரே இழுப்பில் கயிறு இரண்டாகப் பிரிந்தது. வைக்கோலுக்குள்ளிருந்து மஞ்சள் பழங்கள் தலைகாட்டின. அவரே தோல் சீவி, துண்டு போட்டு, எல்லாருக்கும் கொடுத்தார். அலகில் வழிந்த சாற்றைத் தன் வேட்டியிலேயே துடைத்து, மடக்கி, அவரும் டீப்பாய் மேல்தான் வைத்தார். ராஜி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அதுவரை அதிகம் பேசவில்லை. பவித்ராவைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்டார், பழத்தைச் சாப்பிட்டார், கை கழுவினார். கிளம்புகிற நேரத்தில் செருப்பில் கால் வைக்கப் போனவர் நின்று திரும்பினார். எனக்குப் பகீரென்றது.

"அண்ணே" என்றார். அதுவரை அவர் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை.

"சொல்லும்மா."

"கத்தியக் கீழ வச்சீக. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது சரி. தாம்பூலத் தட்டையும் அப்படிக் கீழ வச்சிறாதீக. அதக் கையிலதான் குடுக்கணும். நல்ல நாளாப் பாருங்க."

நிச்சயத்தன்று தட்டு மாற்றியபோது இரண்டு கையாலும்தான் கொடுத்தேன். அன்றைக்கும் என் சட்டைப் பையில் கத்தி இருந்தது. போட்டு அனுப்பியது ராஜி.